தலையெழுத்தும் தலைக்கவசமும்

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகின்ற ஜனங்கள் நம்மில் இன்னும் ஏராளமாய் இருக்கின்றார்கள். மண்டையோட்டில் நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகளைக் காட்டி, "இதுதான் பிரமன் எழுதிய எழுத்து" என்று சொல்லுகின்றவர்களும் உண்டு. அவை எழுத்தும் அல்ல. எழுதினவன் ஒருவனும் இல்லை. மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேருகின்ற பொருத்துவாய்களே அவை. கைக்குழந்தைக்கு அவை இறுகாமல் இருப்பதனால்தான் பிறக்கும்போது தலை நெகிழ்ந்து கொடுக்கின்றது; பிறகு வளருகின்ற மூளைக்கு இடமும் கொடுக்கின்றது. அந்த இளக்கத்தினாலேயே, எந்நேரமும் ஒரே பக்கமாய்ப் படுத்திருக்கும் குழந்தையின் தலை அந்தப் பக்கத்தில் தட்டையாகவும் ஆகிவிடுகின்றது. இச்சிறு விஷயத்தின்மேல் மேல்நாடுகளில் ஒரு பெரும் வியாபாரமே கட்டப்பட்டிருக்கின்றது. தலையெழுத்துக்காரனிடம் ஆதாரம் கேட்கின்ற நாம், தலைக்கவசக்காரனிடமும் கேட்க வேண்டாமா?

இதன் வரலாறு கவனிக்கத்தக்கதாகும். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவதைத் தடுப்பதற்காக, 1992-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கக்கூடாது என்று சொல்லிற்று. 1994 முதல் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அந்நாடு முழுவதும் பிரசாரம் நடந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அப்படிப்பட்ட சாவுகள் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தன. ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. அதோடுகூடத் தட்டைத் தலைகளும் பெருகின. 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரமான 440 குழந்தைகளைப் பார்த்ததில் 100-க்கு 46 பேருக்கு மேல் தலை ஒருவாறு தட்டையாய் இருந்தது. அவர்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அது லேசானதுதான். பாதிக் குழந்தைகளுக்கு இருக்கின்ற ஒன்றை வியாதி என்று பெயர் வைத்துவிட்டால், வியாபாரிக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் குறைவு உண்டா?

தலையைத் திருத்துவதற்கென்று ஒரு கவசம் விற்கப்படுகின்றது. குழந்தையின் தலையை அளவெடுத்துச் செய்து, நாளொன்றுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில் மாட்டி வைப்பார்கள். அமெரிக்காவில் இதற்குச் சுமார் 1,500 டாலர் முதல் 4,000 டாலர் வரை ஆகின்றது. "இது அழகுக்காகச் செய்வது" என்று சொல்லி இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்க மறுப்பதும் சாதாரணம். இங்கிலாந்தில் சர்க்கார் சுகாதார சேவை இதைப் பொதுவாய்க் கொடுப்பதில்லை. தனியாரிடம் போனால் 2,000 பவுனும் அதற்கு மேலும் ஆகும். பணமுள்ளவன் வாங்கி மாட்டுகின்றான். இல்லாதவன் கடன் வாங்குகின்றான். அல்லது "என் குழந்தைக்குத் துரோகம் செய்துவிட்டேனோ" என்று ஏங்கிச் சாகின்றான். பிள்ளையைப் பற்றிய பயத்தைப்போல் சுலபமாய் விலை போகக்கூடிய சரக்கு உலகத்தில் வேறில்லை.

இவ்வளவு செலவுக்குப் பலன் என்ன? ஹாலந்து தேசத்தில் 84 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல இரண்டாய்ப் பிரித்து, பாதிப் பேருக்குக் கவசம் மாட்டி, மற்றப் பாதிப் பேரைச் சும்மா விட்டுப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் தலை முழுதும் சரியானவர்கள், கவசம் போட்டவர்களில் 100-க்கு 26 பேர். போடாதவர்களில் 100-க்கு 23 பேர். சொல்லத்தக்க வித்தியாசம் ஒன்றுமில்லை. கவசம் போட்ட குழந்தைகளின் பெற்றோரோ, ஒருவர் பாக்கியில்லாமல், தோல் புண்ணாதல் முதலிய ஏதாவதொரு தொல்லையைச் சொன்னார்கள்.

நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லி மற்றதை மறைப்பது புரோகிதன் வேலையாகும். ஆகவே எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகின்றோம். அந்தச் சோதனையில் கலந்துகொள்ள இசைந்தவர்கள், அழைக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே. தலை மிகவும் கோணிப்போன குழந்தைகள் அதில் சேர்க்கப்படவில்லை. மற்ற முறைகளால் சரிப்படாத கடுமையான கோணலுக்குக் கவசம் உதவக்கூடும் என்று அமெரிக்க நரம்பு ரண வைத்தியர்கள் 2016-ல் எழுதியும் இருக்கின்றார்கள். கவசத்தை ஒழிக்கவேண்டும் என்பதல்ல நமது வாதம். லேசான தட்டைக்கெல்லாம் பயங்காட்டி அதை விற்பது அக்கிரமம் என்பதே நமது வாதம்.

வியாதியைக் கண்டுபிடிக்கும் செலவும் இப்படித்தான். பெரும்பாலும் எக்ஸ்ரேயோ, சி.டி. படமோ வேண்டியதே இல்லை. வைத்தியர் மேலிருந்து பார்த்துக் கையால் தடவினாலே போதும். படுக்கையினால் வந்த தட்டையானால் அந்தப் பக்கத்துக் காது சற்று முன்னே தள்ளியிருக்கும். பொருத்துவாய் முன்கூட்டியே இறுகியிருந்தால் அங்கே வரப்புப்போல் மேடு தட்டலாம். இது சுமார் 2,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. இதற்கு ரண சிகிச்சை தேவைப்படும். ஆகவே சந்தேகமிருந்தால் வைத்தியரிடம் காட்டாமல் இருப்பதும் மடமையேயாகும்.

மற்றபடி செய்ய வேண்டியவைகளுக்குக் காலணா செலவில்லை. விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, குழந்தையைக் குப்புற விட்டு விளையாட வையுங்கள். தூங்கும்போது தலை ஒரு நாள் இப்பக்கமும் ஒரு நாள் அப்பக்கமுமாய் இருக்கும்படி மாற்றுங்கள். தோளில் தூக்குங்கள். கழுத்து ஒரு பக்கமே திரும்பினால் வைத்தியரிடம் காட்டி அதற்குரிய பயிற்சி செய்யுங்கள்.

நம் நாட்டில் "தலை உருண்டையாகும்" என்று கடுகுத் தலையணை விற்கின்றார்கள். தலையை உருட்டுவதாகச் சொல்லும் தலையணைகளில் மூச்சு முட்டும் அபாயம் உண்டென்று அமெரிக்க மருந்து இலாகா 2022-ல் எச்சரித்திருக்கின்றது. தட்டைக்குப் பயந்து குழந்தையைக் குப்புறத் தூங்க வைப்பதோ அதைவிடக் கேடு. தலை சற்றுத் தட்டையாயிருந்தாலும் பிள்ளை உயிரோடிருக்கும்; மயிர் வளர்ந்தால் மறைந்தும் போகும். போன உயிரை எந்தக் கவசமும் கொண்டுவராது.

தாய்மார்களே! தந்தைமார்களே! யார் வந்து பயங்காட்டினாலும், அவன் காவி கட்டினவனானாலும் வெள்ளைக் கோட்டுப் போட்டவனானாலும், "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் என்ன வித்தியாசம் கண்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் வாசலைக் காட்டுங்கள்.