மூன்று நாள் விடுமுறையும் பாறையில் அறையும் ஆணியும்

மலையேற்றத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்கக்கூடிய வாசகர்களுக்கு முதலிலேயே ஒரு வாக்குமூலம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்குச் சிறுவயதில் தெரிந்த ஒரே மலை கீரிமலை. அதுவும் கடலோரத்துக் கேணி. நான் பாறையேறியவனல்ல, இனி ஏறப்போவதுமில்லை. ஆனால் ஒரு மலைக்குடிலின் வாங்கில் இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்து கேட்ட ஒரு வாதம் என்னை இன்றுவரை விடவில்லை. அந்த வாதம் பிழையானது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் சுவிற்சர்லாந்தில் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனுடைய மகன், அதாவது என் பெறாமகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். எண்பதுகளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நாட்டைவிட்டு ஓடிய ஒருவனின் மகன், அதே உயிரைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருப்பது தம்பிக்கு இன்றளவும் சீரணிக்காத விடயம். "அண்ணை, நீங்களாவது போய் என்ன செய்யிறான் எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ" என்று என்னை அனுப்பியவனும் அவன்தான்.

ஓகஸ்ட் முதலாந் திகதி சுவிற்சர்லாந்தின் தேசிய தினம். 1994 முதல்தான் அது நாடு முழுவதற்குமான விடுமுறை. நான் சென்ற ஆண்டு அது திங்களில் விழுந்திருந்தபடியால் மூன்று நாட்கள் சேர்ந்தாற்போற் கிடைத்தன. அத்தகைய நீண்ட வார இறுதிகளில் கொட்ஹார்ட் சுரங்கத்தின் வடவாயிலில், கோஷெனன் என்ற சிற்றூருக்கு முன்னால், தெற்கே இத்தாலிக்குச் செல்லும் வாகனங்கள் பல கிலோமீற்றர் நீளத்துக்குத் தேங்கி நிற்கும். நாங்கள் செல்லவேண்டிய இடமும் கோஷெனன்தான். இத்தாலிக் கடற்கரைக்குப் போகிறவர்களோடு நாங்களும் மணிக்கணக்காக ஊர்ந்தோம். அங்கிருந்து சல்பிட் குடிலுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம். குடில் 2,105 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. என் முழங்கால்கள் பட்ட பாட்டை இங்கு விவரிக்க விரும்பவில்லை.

குடிலுக்கு மேலே 2,981 மீற்றர் உயரமான சல்பிட்ஷீயன் சிகரம். செந்நிறம் கலந்த கிரனைட் கோபுரங்கள் வரிசையாக எழுந்து நிற்கும். அதன் தென்முகட்டைப் பெறாமகனும் அவனுடைய தோழி ஒருத்தியும் ஏறுவதாகத் திட்டம். பாறையேற்றம் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கயிறு ஐம்பது, அறுபது மீற்றர் நீளந்தான். மலையோ பலநூறு மீற்றர். எனவே ஒருவர் முன்னே ஏறிக் கயிறு போதுமானவரை சென்று, பாறையில் தம்மைக் கட்டிக்கொண்டு, மற்றவரை மேலே ஏற்றுவார். பின்னர் மறுபடியும் அதே வேலை. ஜேர்மன் பேசுவோர் இதன் ஒவ்வொரு கட்டத்தையும் 'கயிற்று நீளம்' என்றே சொல்கிறார்கள். தென்முகடு பத்துக்கு மேற்பட்ட கயிற்று நீளங்கள் கொண்டது. 1948 இல் முதன்முதலில் ஏறப்பட்ட மேற்குமுகடோ முப்பதைத் தாண்டும்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். பதினொரு மணிக்குத் தொலைநோக்கியிற் பார்த்தபோது நான்காவது கயிற்று நீளத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஐந்து சோடிகள்! சங்கக்கடையில் பங்கீட்டு அட்டையோடு நின்ற காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு மணியளவில் மேற்கே மேகம் திரண்டது. அவர்கள் ஒரு பட்டிவாரையும் கொளுக்கியையும் பாறையிலேயே விட்டுவிட்டுக் கயிற்றிற் சறுக்கி இறங்கித் திரும்பிவிட்டார்கள். முன்னால் நின்ற ஐந்து சோடிகளில் இரண்டு மட்டுமே திரும்பின. மற்றவர்கள் மழையில் நனைந்து இருட்டிய பின்னர் வந்து சேர்ந்தார்கள். நல்ல வேளையாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் நான் குறிப்பிட்ட வாதம் எழுந்தது. எதிரே இருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முதல்நாள் கிரிம்சல் பக்கத்தில் ஒரு பழைய பாதையில் ஏறப்போய் இரண்டாவது கயிற்று நீளத்தோடு திரும்பியவராம். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே பத்து மீற்றர் இடைவெளி என்றார். "ஆண்டு முழுவதும் வேலை செய்கிறேன். கிடைப்பது மூன்று நாட்கள். அந்தப் பாதையில் இன்னும் இருபது ஆணி அறைந்தால் யாருக்கு நட்டம்? பத்துப் பைத்தியக்காரர்களுக்காக ஒரு முழுச் சுவரை ஒதுக்கி வைப்பது எந்த நியாயம்?" பெறாமகன் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். மேசையிலிருந்த பலர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் தலையாட்டினேன்.

இப்போது தலையாட்டமாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன்.

ஆணி என்று நான் சொல்வது பாறையில் துளையிட்டு இறுக்கும் பத்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்பான உருக்குத் தண்டை. மலையேறிகள் அதனைப் 'போல்ட்' என்பார்கள். கையாலே துளைத்த காலத்தில் ஒரு துளைக்கு அரை மணித்தியாலம் செல்லும். மின்கலத்தில் ஓடும் துளைகருவி வந்தபின் சில நிமிடங்கள் போதும். ஏறுபவர் கயிற்றை அதில் கொளுவிக்கொண்டு மேலே போவார். ஆணிக்கு மேல் ஐந்து மீற்றர் ஏறியவர் கைதவறினால், அந்த ஐந்தும் கீழே இன்னொரு ஐந்தும் கயிற்றின் இழுபடலும் சேரப் பத்து மீற்றருக்கு மேல் விழுவார். ஆணிகள் நெருங்கினால் விழுகையும் குறுகும். இதனை மறுப்பவன் பொய்யன்.

ஆனால் ஒரு நீண்ட பாதையில் மனிதரைக் கொல்வது அந்த விழுகை மட்டுந்தானா? பன்னிரண்டு கயிற்று நீளம், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் என்றால் எட்டு மணித்தியாலம். அடிவாரத்துக்கு ஒன்றரை மணி, இறங்க இரண்டு மணி. இதற்குமேல் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் முன்னே நிற்கிறவருக்காகக் கால் மணி காத்திருந்தால் இன்னொரு மூன்று மணித்தியாலம். கோடையில் அல்ப்ஸ் மலைகளில் இடிமுழக்கம் பிற்பகலில் வரும். முகட்டில் நிற்பவனுக்கு மின்னலிலிருந்து எந்த ஆணி காவல்? மேலே நெரிசலாக ஏறுகிறவர்களின் காலிற் பட்டு விழும் கல்லுக்கு எந்த ஆணி தடை? கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட மறந்து, இருட்டில், களைப்பில், நுனியைத் தாண்டிச் சறுக்கிப் போகிறவனை எந்த ஆணி பிடிக்கும்? இவை யாவும் அவசரத்தின் பிள்ளைகள். அவசரத்தைப் பெற்றெடுப்பது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் நிற்கவேண்டிய கட்டாயம். அந்த மேசைக்காரர் கேட்டது மூன்று நாளுக்குள் அடங்கிவிடுகிற மலை. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார். இருபது ஆணி அறைந்த மறுவாரமே அங்கும் ஐந்து சோடிகள் வரிசையில் நிற்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இவ்விடத்தில் என் தொழிலையும் சற்றுக் கடிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் இரவுப் பணியில் இருந்தபோது அல்ப்ஸ் விபத்தொன்றைப் பற்றிய செய்தி முகவரகத் தகவலுக்கு 'உயிர்குடித்த கொலைகார மலை' என்று நான் தலைப்பிட்டேன். ஆசிரியர் பாராட்டினார். எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், வானிலை அறிவிப்பு என்ன சொல்லியிருந்தது, ஏன் திரும்பவில்லை என்று எதையும் நான் தேடவில்லை. ஐரோப்பியப் பத்திரிகைகளும் இதில் எங்களுக்குக் குருமார். 1865 யூலை 14 இல் மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய எழுவரில் நால்வர் இறங்கும்போது கயிறறுந்து மாண்டபோது, உயிர்தப்பிய வழிகாட்டி தவுக்வால்டர் கயிற்றை அறுத்தார் என்ற பழி அவரைச் சாகும்வரை விடவில்லை. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. மலை கொன்றது, கயிறு கொன்றது, ஆணி போதாமை கொன்றது என்று எழுதுவது சுலபம். யாரும் மறுப்புக் கடிதம் அனுப்பமாட்டார்கள்.

அடுத்தது 'சனநாயக' வாதம். மலை எல்லோருக்கும் பொது, அதனை வல்லவர்கள் சிலர் பிடித்து வைத்திருக்கலாகாது என்கிறார்கள். இந்த வாதத்துக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. 1863 இல் தொடங்கப்பட்ட சுவிஸ் அல்ப்ஸ் கழகம் 1907 இலிருந்து 1980 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அவர்கள் 1918 இல் தமக்கெனத் தனிக் கழகம் தொடங்க நேர்ந்தது. அது அநீதி, கதவைப் பூட்டி வைத்த அநீதி. ஆனால் பத்து மீற்றர் இடைவெளியுள்ள ஒரு பாறை எவருக்கும் கதவைப் பூட்டவில்லை. ஆணா பெண்ணா, பணக்காரனா, அகதியின் மகனா என்று அது கேட்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, வயலின் வாசிக்கத் தெரியாதவன் தந்திகளைக் குறைக்கச் சொல்லி உரிமை கோருவதைப் போன்றது.

மேலும், எளிதான பாதைகளுக்கா அங்கே பஞ்சம்? 1990களின் தொடக்கத்தில் யூர்க் ஃபொன் கெனல் என்பவர் வெளியிட்ட வழிகாட்டி நூலின் பெயரில் 'பிளெசீர்' என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தது. இன்பம் என்று பொருள். நன்றாக ஆணியறைந்த, மிதமான கடினமுள்ள, களித்து ஏறத்தக்க பாதைகளின் தொகுப்பு அது. அந்தச் சொல் இன்று ஒரு வகைப் பாதைகளுக்கே பெயராகிவிட்டது. அப்படி நூற்றுக்கணக்கான பாதைகள் இருக்கின்றன. அவற்றை நான் இழிவுபடுத்தவில்லை; என் பெறாமகன் ஏறப் பழகியதே அவற்றில்தான். மூன்று நாட்களோடு வருகிறவருக்கு அவை போதாவா? ஒரு முழு நூலகம் திறந்திருக்க, மூலையிலுள்ள பத்துக் கடினமான நூல்களையும் சுருக்கி எழுதித் தா என்று கேட்பானேன்?

அந்தப் பத்து நூல்கள் எவை என்றும் சொல்லவேண்டும். கிரிம்சல் ஏரியின் ஓரத்தில் எல்டொராடோ என்ற வழவழப்பான கிரனைட் சுவர். அங்கே குளோட், ஈவ் ரெமி என்ற சகோதரர்கள் 1981 இல் திறந்த பாதைக்கு ஓர் இரைச்சலான ரொக் இசைக்குழுவின் பெயரை, மோட்டர்ஹெட் என்று வைத்தார்கள். விரிசல் உள்ள இடங்களில் அதற்குள் செருகும் கருவிகளையே நம்பி ஏறவேண்டும். சுஸ்டன் கணவாய்ப் பக்கத்து வெண்டன் சுண்ணக்கல் சுவர்களில் ஆணிகளின் தூரமே அந்த இடத்தின் புகழ். கிழக்கெல்லையில் ரெற்றிகோன் மலையில் பெயாற் கமர்லாண்டர் 1994 இல் முடித்த 'சில்பர்கையர்', வெறும் ஆறு கயிற்று நீளந்தான். உலகின் தலைசிறந்த ஏறுநர்கள் இன்றும் அதனிடம் வந்து தோற்றுப்போகிறார்கள். கீழிருந்து ஏறிக்கொண்டே, தொங்கிக்கொண்டே துளைத்த ஆணிகள் இவற்றில் உள்ளவை. எங்கே ஆணி இல்லையோ, அங்கே ஒரு மனிதர் தம்மை நம்பி ஏறினார் என்பதற்கு அந்த வெற்றிடமே சாட்சி. அதனை நிரப்புவது ஏட்டுச்சுவடியின் ஓரத்தில் பேனையால் எழுதுவதற்குச் சமம். கிரனைட்டில் போட்ட துளை ஆறாது.

ரைனோல்ட் மெஸ்னர் 1968 இலேயே இதனைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்கு 'சாத்தியமற்றதன் கொலை' என்று தலைப்பிட்டார். அப்போது அவர் இருபதுகளின் முற்பகுதியில் இருந்தார். ஜேர்மனியின் சக்சனி மணற்கல் பாறைகளில் ஆணிகளின் நடுவே உலோகக் கருவி எதுவும் செருகக்கூடாது, முடிச்சிட்ட நாடாவும் கயிறும் மட்டுமே என்ற விதி நூறாண்டுக்கு மேலாக நிலவுகிறது. அங்கும் மக்கள் விடுமுறையில்தான் ஏறுகிறார்கள்.

துருப்பிடித்த ஆணியை அப்படியே விடு என்று நான் சொல்லவில்லை. பழைய ஆணியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் துருவேறா உருக்கில் புதியது ஒன்று இறுக்குவது கடமை. இறங்கும் தரிப்பிடங்களை வலுவாக்குவதும் கடமை. புதிய இடத்தில் புதிய ஆணி என்றால், பாதையைத் திறந்தவரின் சம்மதம் வேண்டும். இந்த வழக்கம் சுவிஸ் மலையேறிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனை மீறுவதற்கு 'பொதுமக்களின் பாதுகாப்பு' என்ற பதாகையைத் தூக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை.

ரெமி சகோதரர்களின் தந்தை மார்செல் ரெமி 2017 இல், தமது 94 ஆவது வயதில், வோ மாநிலத்திலுள்ள மிருவார் தார்ஜன்ரீன் என்ற பெரும் பாறைச் சுவரை மகன்மாரோடு ஏறினார். 2022 இல் 99 வயதில் காலமானார். அந்த ஏற்றத்துக்கு அவர் செயற்கைச் சுவரில் பயிற்சி எடுத்துத் தம்மைத் தயார்படுத்தினார். 94 வயதுக்காரர் தம்மை மலைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ள, நாற்பத்தைந்து வயதுக்காரர் மலையைத் தம் விடுமுறைப் பட்டியலுக்கு ஏற்றபடி ஆக்கித் தரச் சொல்கிறார்!

அன்றிரவு படுக்கப்போகும்போது பெறாமகனிடம் கேட்டேன், பட்டிவாரும் போய், மூன்று நாள் விடுமுறையும் போய், கவலையில்லையா என்று. "பெரியப்பா, அடுத்தமுறை விடுமுறையிலை வாறதாயில்லை. சும்மா ஒரு புதன்கிழமை லீவு போட்டிட்டு வரப்போறன். வரிசையும் இராது, ரோட்டிலை நெரிசலும் இராது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ, வேலைக்குப் போறன் எண்டுதான் சொல்லுவன்" என்றான். தம்பி இணையத்தில் இதனைப் படிக்கமாட்டான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.