பெரிய டர்போவும் பழைய எஞ்சினும்

தம் காரிலுள்ள டர்போசார்ஜரைக் கழற்றிவிட்டு, அதனினும் பெரிய ஒன்றைப் பொருத்தலாமா என்று நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் வினவினார். வேகத்தின்மேல் இளமைக்குள்ள வேட்கையை நாம் குறைகூறப் போவதில்லை. ஆயினும் கருவியின் இயல்பை அறிந்த பின்னரே அதில் கைவைக்க வேண்டும் அன்றோ?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றல் பெருகும். வீணே போகும் புகையை வேலை வாங்கும் இம்முறைக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பியூகி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

பெரிய டர்போ மிகுதியான காற்றைத் தரும் என்பது மெய்யே. ஆனால் பெரிய சக்கரத்தைச் சுழற்றப் புகையும் மிகுதியாக வேண்டும். எஞ்சின் மெல்ல ஓடும்போது அத்துணைப் புகைக்கு எங்கே போவது?

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1973-இல் '2002 டர்போ' என்னும் காரை வெளியிட்டது. டர்போ இல்லாத நிலையில் 130 குதிரைத்திறன் தந்த எஞ்சின், டர்போவுடன் 170 தந்தது. ஆனால் கலவை தானே வெடித்துவிடாதிருக்க, எஞ்சினின் அமுக்க விகிதத்தை 6.9 ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. விளைவு, தாழ்ந்த வேகத்தில் சோர்வு. பின்னர் எதிர்பாராப் பாய்ச்சல். மழை நனைத்த வளைவில் அப்பாய்ச்சல் வந்தால் ஓட்டுபவர் பாடு என்னவாகும்!

ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். 1977-இல் அவர்கள் காட்சிக்கு வைத்த '99 டர்போ'வில் விரைவில் சுழலும் சிறிய டர்போவைப் பொருத்தி, அழுத்தம் எல்லை மீறாதபடி மிகுதிப் புகையை விலக்கிவிடும் வால்வையும் சேர்த்தனர். கிடைத்தது 145 குதிரைத்திறன்தான். எனினும் அன்றாடச் சாலையில் வேண்டிய நேரத்தில் கைகொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் செல்லாவிடில் சிலிண்டரில் வெப்பம் ஏறிப் பிஸ்டனே உருகும். ஆகவே எரிபொருள் தெளிப்பான், பம்பு, காற்றுக் குளிர்விப்பான், கிளட்ச் என்று செலவு ஒவ்வொன்றாய்த் தொடரும். டர்போவின் விலையை மட்டும் விசாரித்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நம் இளைஞரின் பயணமோ நாள்தோறும் வீட்டிலிருந்து கடைத்தெரு வரை. இப்போதுள்ள டர்போவின் எண்ணெய்க் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி கூறினோம். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் அச்சு அது. எண்ணெய் நின்றால் நொடியில் பழுதாகும். அவர் சற்று ஏமாற்றத்துடனேயே விடைபெற்றார்.