'ஹோம் கேம்' 1,000 கிலோமீட்டர் தள்ளி நடந்தா, செலவு யாருக்கு?

நோட்டர் டேம் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு சவுத் பெண்டில் 77,000 பேர் உட்காரும் சொந்த ஸ்டேடியம் இருக்கு. ஆனாலும் 2009-ல் தொடங்கி, பல சீசன்களில் ஒரு ஹோம் கேமை வெளியூருக்குக் கொண்டு போறாங்க. பேரு 'ஷாம்ராக் சீரிஸ்'. 2022-ல் லாஸ் வேகாஸ், 2024-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியம்.

இப்போ வரவு-செலவு பாருங்க. டிவி வெளிச்சம், புது ஊர்ல விளம்பரம் எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு. ஃப்ளைட், ரூம் வாடகை உள்ளூர் ரசிகருக்கு. சவுத் பெண்ட் ஹோட்டல்களுக்கு ஒரு வீக்எண்ட் வியாபாரம் போச்சு.

நியூயார்க் ரசிகருக்கு இது லாபம்தான், மறுக்கல. ஆனா வருஷம் முழுக்க கூட நிற்கிறவங்க தலையில செலவைக் கட்டிட்டு, அதுக்கு 'ஹோம்'னு பேர் வைக்கிறது நியாயமில்லை.

உங்க டிரான்ஸ்ஃபர் லெட்டரையும் இப்படியே படிங்க. பதவிப் பேரு அப்புறம். வாடகை, அட்வான்ஸ், பயணச் செலவு யார் பாக்கெட்லேர்ந்து போகுதுன்னு முதல்ல கேளுங்க.