ரோட்டில் ஓடுது தண்ணீர்! ஸ்பானரை எடுக்க வெட்கமா?

சென்னை 2019-ல் பட்ட பாடு மறந்து போச்சா? அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயில் வந்தது. 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர்!

அதே நகரில் இன்று சில அடுக்குமாடி வீடுகளில் புல்தரை ஸ்பிரிங்ளர் பழுதாகி, தண்ணீர் ரோட்டுக்கு ஓடுகிறது. கேட்டால், "பிளம்பர் இன்னும் வரலை" என்கிறார்கள்.

இதற்கு பிளம்பர் எதற்கு? வால்வை மூடிவிட்டு தலையைக் கழற்றினால் உள்ளே சல்லடை இருக்கும். மண் அடைத்திருந்தால் கழுவினால் போதும். போர் தண்ணீர் உப்பு படிந்திருந்தால் ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கணும். மரையில் ஒழுகினால் டெப்லான் டேப் சுற்றணும். அவ்வளவுதான்!

புல் உயர்ந்தால் அதுவே தண்ணீரை மறிக்கும். அதற்காக ஒரேயடியாக மொட்டை அடித்தால் வேர் காயும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மின்சார மெஷின் என்றால், பிளேடைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

சொந்தக் கையால் செய்தால் கவுரவம் குறையாது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தாய்மார்களை நினைத்தாவது செய்வார்களா?