காத்திருப்பைக் கணக்கெடுங்கள்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், தரப் பரிசோதனை, மருத்துவமனைக்கான மருந்து ஒதுக்கீட்டைப் பதிய ஒரு பாஸ்புக் என அது வகுத்த முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. பொருளைக் கொண்டுசேர்ப்பதில் நமக்குக் கைவந்த தேர்ச்சி, சேவையைக் கொண்டுசேர்ப்பதில் இன்னும் வரவில்லை.

மாத்திரையைக் கிடங்கில் இருப்பு வைக்கலாம். மருத்துவரின் ஒரு மணி நேரத்தை வைக்க முடியாது, வீணானால் போனதுதான். சேவைச் சங்கிலியில் சரக்கு தேங்குவதில்லை, மனிதர்கள் தேங்குகிறார்கள். ஓ.பி. சீட்டு, மருத்துவர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மீண்டும் மருத்துவர் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வரிசை. ஸ்கேன் இயந்திரம் இருந்தும் படத்தைப் பார்த்து அறிக்கை எழுத ஆள் போதாவிட்டால், அறிக்கை கைக்கு வருவதற்குள் ஓ.பி. முடிந்துவிடும். நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி போகும்.

இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார். பார்வை அளப்பது முதல் ஆலோசனை சொல்வது வரை, பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கவனித்துக்கொள்கிறார்கள். கிடைப்பதற்கு அரியது அறுவை மருத்துவரின் நேரம் என்று கண்டுகொண்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமைத்தார்கள். அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை தடையானபோது, 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதையும் தாங்களே தயாரித்தார்கள்.

கண்புரை ஒரே வகைச் சிகிச்சை, பொது மருத்துவமனைக்கு எல்லா நோயும் வரும் என்பது உண்மைதான். ஆனால், எந்தக் கிழமையில் கூட்டம் கூடும், எந்தப் பிரிவில் நெரிசல் என்பது பதிவேடுகளைப் புரட்டினாலே தெரியும். அதற்கேற்பப் பணிநேரத்தை மாற்றுவதற்கு நோயின் வகை தடையல்ல.

துப்புரவு, காவல் ஒப்பந்தங்களும் மாற வேண்டும். ஆள் எண்ணிக்கையையும் குறைந்த விலையையும் மட்டும் பார்க்கும் டெண்டர், குறைந்த கூலியையே கொண்டுவரும். கூலி கட்டுப்படியாகாதவர் வேலையை விட்டுப் போவார். புதியவர் பழகும்வரை வார்டு தவிக்கும். சேவையில் தரம் என்பது அதைச் செய்பவர்தான். நியாயமான ஊதியமும், காலியான படுக்கை எவ்வளவு நேரத்தில் தயாராகிறது என்பதுபோன்ற அளவுகோல்களும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் சீட்டு வாங்குவது முதல் சிகிச்சை முடிவதுவரை முழுச் சங்கிலிக்கும் ஓர் அலுவலர் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஆகும் காத்திருப்பு நேரத்தை மாதந்தோறும் வெளியிடட்டும். முதல் பட்டியல் நிச்சயம் சங்கடமாகவே இருக்கும். அதற்காகத் தயங்கினால், அந்தச் சங்கடத்தை நோயாளிகளே தொடர்ந்து சுமக்க வேண்டியிருக்கும்.

- கட்டுரையாளர், மருத்துவமனை மேலாண்மை ஆலோசகர்