மெல்லப் போவதும் குற்றமா?

பொழுது சாயும் நேரம்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் ஜோஸ் நகரம். பெரிய சாலை ஒன்றில் கார்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுக்கு அவசரமே இல்லை. திருவிழாத் தேர் போல அசைந்து அசைந்து வருகின்றன.

எல்லாம் பழைய கார்கள். ஆனால், பளபளப்பில் மணப்பெண்ணைத் தோற்கடிக்கும்! கத்தரிப்பூ நிறம், மாதுளை நிறம், தங்கப்பொடி தூவியது போன்ற நிறம். உள்ளே வெல்வெட் மெத்தை. காரின் அடிப்பாகம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்திருக்கிறது. திடீரென்று ஒரு கார் முன்பக்கத்தைத் தூக்குகிறது. குதிரை போலத் துள்ளுகிறது. நடைபாதையில் நிற்கும் குழந்தைகள் கைதட்டிக் குதிக்கிறார்கள்.

இந்தக் கார்களுக்கு "லோரைடர்" என்று பெயர். தாழ்ந்து ஓடும் கார் என்று பொருள்.

இந்த மாலை ஊர்வலத்துக்கு அதே நகரத்தில் 36 ஆண்டுகள் தடை இருந்தது. நம்ப முடிகிறதா?

உழைப்பாளியின் கார்

இரண்டாவது உலகப்போர் முடிந்ததும், கலிபோர்னியாவில் கார் மோகம் பெருகியது. வாலிபர்கள் பலர் தங்கள் கார்களைப் பேய் வேகத்தில் ஓடும்படி மாற்றினார்கள்.

மெக்சிகோ வம்சாவளி வாலிபர்கள் வேறு வழியில் போனார்கள். பழைய கார்களை மலிவாக வாங்கினார்கள். பின்பக்கப் பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். சிலர் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தார்கள். கார் தாழ்ந்தது. தாழ்வாகப் போக வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். அதுதான் அவர்களுடைய கொள்கை.

பணக்காரன் புதுக் கார் வாங்குவான். உழைப்பாளி என்ன செய்வான்? பழைய காரைத் தன் கையாலேயே புதிதாக்கினான். வாரம் முழுவதும் வேலை. விடுமுறை நாளில் மனைவி, மக்களோடு பவனி. "நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். எங்களையும் பாருங்கள்" என்று அந்தக் கார் சொல்லாமல் சொன்னது.

சட்டத்தை ஏமாற்றிய சுவிட்சு

1958-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. காரை மாற்றி அமைக்கும்போது, அதன் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு வளையத்தை விடக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் குற்றம்.

ரான் அகிரே என்ற வாலிபர் 1959-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விமானத்தில் பயன்படும் எண்ணெய் பம்புகளைத் தன் காரில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் பம்பு எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கார் உயரும். எண்ணெயைத் திரும்ப விட்டால் கார் தாழும். போலீஸ்காரர் எதிரில் வந்தால் கார் நிமிர்ந்து நிற்கும். அவர் போனதும் மறுபடி தரையோடு தரையாகப் படுத்துவிடும்!

தடை போட்டதால் ஆசை அழிந்ததா? இல்லை. புதிய கலை ஒன்று பிறந்தது.

வீதிக்குப் பூட்டு

நாளடைவில் கூட்டம் பெருகியது. போக்குவரத்து தடைப்பட்டது. சில இடங்களில் அடிதடியும் நடந்தது. "தூங்க முடியவில்லை" என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

ஆனால், பல நகரங்கள் ஊர்வலத்தையே தடை செய்துவிட்டன. சான் ஜோஸ் நகரில் 1986-ல் தடை வந்தது. நெரிசலான சாலையில் ஒரு கார் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்து போனாலே குற்றம் என்று ஆயிற்று.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

சத்தம் போட்டால் அபராதம் போடட்டும். அடிதடி செய்தால் கைது செய்யட்டும். வழியை மறித்தால் காரை அப்புறப்படுத்தட்டும். ஆனால், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து மெல்ல ஓட்டிப் போகும் தாத்தா என்ன குற்றம் செய்தார்? யாரோ ஒருவன் செய்த தவறுக்கு ஒரு சமூகமே தலைகுனிய வேண்டுமா?

ரோஜாக் கார்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். "ஜிப்சி ரோஸ்" என்று ஒரு கார். 1964-ம் ஆண்டு "செவர்லே இம்பாலா". இளஞ்சிவப்பு உடல் முழுவதும் ரோஜாப்பூ ஓவியங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலடெஸ் ஆசையோடு உருவாக்கியது. 2017-ல் அந்தக் கார் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனது. கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. நாட்டின் சரித்திரப் புகழ் பெற்ற வாகனங்களின் பட்டியலிலும் இடம் பிடித்தது.

தலைநகரில் அது பொக்கிஷம். அதன் உறவுக்கார்கள் சான் ஜோஸ் வீதியில் உலா வந்தால் அப்போதும் குற்றம்!

தடை நீங்கியது

கார் பிரியர்கள் சும்மா இருக்கவில்லை. நகரசபைகளின் கதவைத் தட்டினார்கள். 2022-ல் சான் ஜோஸ் தடையை நீக்கியது. 2023-ல் டேவிட் ஆல்வரெஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா மாநில சட்டசபையில் நிறைவேறியது. கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல், ஊர்வலத் தடையும் போயிற்று. காரைத் தாழ்த்தக்கூடாது என்ற பழைய விதியும் போயிற்று.

இனி பொறுப்பு கார்க்காரர்களுடையது. இரவில் சத்தம் கூடாது. வழியை அடைக்கக்கூடாது. கூட்டத்துக்குள் புகுந்து தகராறு செய்பவனை அவர்களே முதலில் ஒதுக்க வேண்டும். கிடைத்த உரிமையைக் காப்பாற்ற அதுதான் வழி.

ஆட்சியாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தப்பு செய்தவனைத் தண்டிக்கத்தான் சட்டம். ஏழையின் ஒரு வேளைச் சந்தோஷத்தைப் பறிப்பதற்கு அல்ல.