ரசீதைப் பத்திரமா வைக்கிறவங்க

அமெரிக்காவுல விசா இல்லாம இருக்கறவங்கன்னாலே நம்மாளுங்க மனசுல ஒரு படம் ஓடும். வரி கட்டாம, போலீசைப் பார்த்தா ஓடி ஒளியற கூட்டம். ஹெச்1பியில வந்து கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்கற நண்பர்கள்கிட்ட இந்தப் பேச்சை எடுத்தா சண்டையே வரும். "நாங்க வரிசையில நிக்கிறோம், அவங்க சுவரேறிக் குதிச்சாங்க" என்பார்கள். கோபம் புரியுது. ஆனா அந்தப் படம் தப்பு.

ஒரு வாரம் ஒளிஞ்சிருக்கலாம். இருபது வருஷம் முடியுமா? வாடகை கொடுக்கணும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும், வேலைக்குப் போக வண்டி ஓட்டணும். அதனால நிறைய பேர் நேர் எதிரா ஒண்ணு செய்யறாங்க. எதுக்கெல்லாம் காகிதம் கிடைக்குமோ அதையெல்லாம் வாங்கி, ஒண்ணு விடாம சேர்த்து வைக்கிறாங்க.

சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க முடியாதவங்களும் வரி கட்டணும்னு 1996-ல் வரித்துறையே ஐ.டி.ஐ.என். என்ற ஒன்பது இலக்க எண்ணைக் கொண்டுவந்தது. 2022-ல் ஆவணமில்லாதவர்கள் கட்டிய வரி மொத்தம் 9,670 கோடி டாலர்னு ஐ.டி.இ.பி. என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதுல 2,570 கோடி சோஷியல் செக்யூரிட்டிக்குப் போனது. இப்படியே இருந்தா வயசான காலத்துல அதுலேர்ந்து ஒத்தைப் பைசா திரும்ப வராது!

அப்புறம் ஏன் கட்டறாங்க? நாடு கடத்தற வழக்கு வந்தா, பத்து வருஷம் இங்கேயே நல்லபடியா வாழ்ந்தேன், நான் போனா குடியுரிமை உள்ள என் பிள்ளை அளவுக்கு மீறி கஷ்டப்படும்னு நிரூபிச்சா நீதிபதி தங்க அனுமதிக்கலாம். வருஷத்துக்கு 4,000 பேருக்குத்தான். லாட்டரி மாதிரிதான், ஆனா அந்த லாட்டரிக்கு சீட்டு வரிப் படிவம், வாடகை ரசீது, பிள்ளையோட பள்ளிச் சான்று. (இலவசப் பள்ளியில சேர்க்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு 1982-லேயே டெக்சாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.)

காகிதம் கொடுத்தா ஊருக்கும் லாபம்தாங்க. கலிஃபோர்னியா 2015-லிருந்து இவங்களுக்கும் ஓட்டுநர் உரிமம் கொடுத்தது. அப்படி உரிமம் வாங்கினவங்க அதிகமா இருந்த பகுதிகள்ல, இடிச்சுட்டு நிக்காம ஓடற விபத்துகள் குறைஞ்சதுன்னு 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு. பயமில்லைன்னா மனுஷன் இறங்கி நிப்பான், அவ்ளோதான் விஷயம்.

அரசாங்கக் காகிதத்தை நம்பாத ஏற்பாடுகளும் உண்டு. மெக்சிகோக்காரங்களோட 'டாண்டா' அசப்புல நம்ம ஊர் சீட்டேதான். பத்து பேர் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு, முறை வெச்சு ஒருத்தர் மொத்தமா எடுத்துப்பாங்க. எழுத்து கிடையாது, முகத்தை வெச்சுத்தான் நம்பிக்கை.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. வரித்துறைகிட்ட கொடுத்த முகவரி வரித்துறையோட நிக்கும் என்ற நம்பிக்கையிலதான் இத்தனை வருஷம் படிவம் நிரப்பினாங்க. 2025 ஏப்ரல்ல வரித்துறையும் குடியேற்றத்துறையும் தகவல் பகிர ஒப்பந்தம் போட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல ஆயிரக்கணக்கான முகவரிகள் கைமாறின. நவம்பர்ல ஒரு ஃபெடரல் நீதிபதி அதுக்குத் தடை போட்டார்.

சட்டத்தை மீறினவனைப் பிடிக்க அரசுக்கு உரிமை இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா "வா, வந்து வரி கட்டு, உன் விவரம் வெளியே போகாது"ன்னு கூப்பிட்டு வாங்கின விலாசத்தை எடுத்துக்கிட்டு அவன் கதவைத் தட்டறது அயோக்கியத்தனம். அப்படித் தட்டினா முதல்ல மாட்டறவன் ஒழுங்கா படிவம் நிரப்பினவன்தான். ரொக்கத்துல கூலி வாங்கி, எதுலயும் பேர் கொடுக்காதவன் விலாசம் அந்தப் பட்டியல்ல இருக்காதே.

தடையை வெச்சு ஒரு மனுஷன் எவ்வளவு நிம்மதியா தூங்க முடியும்? ஒவ்வொரு ஏப்ரல்லயும் அவன் படிவத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காரணும். நிரப்பினா விலாசம் போகுமோன்னு பயம், நிரப்பலைன்னா பத்து வருஷக் கணக்குல ஒரு ஓட்டை. வரிசையில நிக்கிற என் நண்பர்களைத்தான் கேக்கறேன், அவன் இடத்துல நீங்க இருந்தா படிவத்தை நிரப்புவீங்களா?